எல்லாவற்றையும் குளிரின் தலையில் போடாதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் வரும் பேச்சு, "பனிதானே, சரியாயிடும்" என்பதுதான். தலைவலி, காய்ச்சல், கைகால் வலி, மூச்சிரைப்பு, எதுவானாலும் இதே பதில். நான் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் அத்தையும் அக்கம்பக்கத்துப் பாட்டிகளும் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். மருந்து சொல்லும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை. எதையெல்லாம் குளிர் என்று விட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் அவர்களிடம் சொல்வேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

முதலில் கரி அடுப்பு. டிசம்பர், ஜனவரி உறைபனியில் கரியை மூட்டி அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலை அடைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் இறைச்சி சுட்ட கரியை அப்படியே உள்ளே கொண்டுபோய் வைக்கிறார்கள். "புகையே இல்லையே" என்பதுதான் இதில் பெரிய தவறு. நன்றாகக் கனிந்த கரியும் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வரும். குளிர் ஏறிவிட்டது என்று நினைத்துக் கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொள்வோம். பிறகு எழுந்திருக்கவே முடியாமல் போய்விடும். ஓர் அறையில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலை வலித்தால் உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108-க்குச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை இந்த நேரத்தில் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்ஸிஜன் உள்ள ரத்தம் என்றே அது கணக்கிடும். 98 என்று காட்டும்போதே ஆள் மயங்கிக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது காய்ச்சல். சாதாரண சளிக்காய்ச்சல் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. ஆனால் மூன்று நான்கு நாள் தாண்டியும் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்து, தலை பிளக்கிற மாதிரி வலித்தால், மெடிக்கல் ஷாப்பில் கிடைத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். எங்கள் மலையில் ஸ்க்ரப் டைபஸ் உண்டு. உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். உண்மையில் கடிப்பது உண்ணி இல்லை, புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு. கடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பகத்தின் அடியில் ஒளிந்திருக்கும். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கூச்சத்தில் அதைக் காட்டுவதில்லை. தயவுசெய்து காட்டுங்கள், அல்லது வாயாலாவது சொல்லுங்கள். காய்ச்சலுக்கு வழக்கமாகத் தரும் அமாக்ஸிசிலின் இதற்கு வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளின் என்ற பழைய, மலிவான மருந்தே பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சலை இறக்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.

வீசிங் விஷயத்தில் அத்தையோடு நான் அதிகம் வாதாடியிருக்கிறேன். "பம்ப் (இன்ஹேலர்) பழகிவிட்டால் விட முடியாது, மாத்திரையே போதும்" என்பார். கணக்கைப் பாருங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து, மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஓர் அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரையில் நாற்பது அழுத்து மருந்து! மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிக் கையை நடுங்க வைக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும். இன்ஹேலர் மூச்சுக்குழாய்க்கு நேராகப் போகும். தினமும் எடுக்கச் சொன்ன ஸ்டீராய்டு இன்ஹேலரை மூச்சு நன்றாக இருக்கிறது என்று நிறுத்துவதும் தவறு. நன்றாக இருப்பதே அதனால்தான். எடுத்தபின் வாய் கொப்பளித்துவிடுங்கள்.

சர்க்கரை நோயில் கால் மரத்துப் போனவர்கள் குளிர் காயும்போது நெருப்பருகே காலை நீட்ட வேண்டாம். சுடுவதே தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். அப்புறம் பிரஷர் மாத்திரை: குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி அழுத்தம் கூடும், பனிக்காலத்தில் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கடைசியாக, கைகால் வலி. இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் ஒரு பிள்ளைக்கு அடிக்கடி எலும்புக்குள் குடைகிற மாதிரி வலி வந்தால் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோயை நினைக்க வேண்டும். இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதலில் பதிவானதே 1952-ல், எங்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து குழாயை அடைக்கும்போது அந்த வலி வருகிறது. இதில் குளிருக்கு உண்மையாகவே பங்கு உண்டு, தண்ணீர் குறைவாகக் குடிப்பதற்கும் உண்டு. அதனாலேயே "பனி" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். இது தொற்று இல்லை. அப்பா, அம்மா இருவரும் இந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சுமப்பவர் நோயாளி இல்லை; அதைச் சொல்லி ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துவது கொடுமை. ரத்தம் குறைவு என்றதும் சோதிக்காமல் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டே இருப்பதும் வேண்டாம். இந்த நோயுள்ள பிள்ளைக்குக் காய்ச்சலோ நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் அந்த இரவே கிளம்புங்கள். கிளம்பும்போது ரத்தப் பரிசோதனை முடிவு எழுதிய தாள் கையில் இருக்கட்டும். இரவுப் பணியில் இருக்கும் டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.