கேமரா மென்பொருள் போட்டபின் கணினி திறக்கத் தாமதமா? படிப்படியாகச் சரிசெய்யும் முறை

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினியில் கேமரா மென்பொருளை நிறுவிய பிறகு மூன்று விதமான தொல்லை வரலாம். ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து அப்படியே நின்றுவிடும். இல்லையென்றால் விண்டோஸ் லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதுவும் இல்லையென்றால் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய், டெஸ்க்டாப் தெரிந்த பிறகும் எதைக் கிளிக் செய்தாலும் அசையாது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அதனால் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை முதலில் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். "விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்" என்று உடனே சொல்லிவிடுவார்கள். இந்தச் சிக்கலுக்கு அது தேவைப்படுவது மிக அரிது.

கேமராவிலிருந்து படங்களைக் கணினிக்கு எடுக்க அந்த நிறுவனத்தின் மென்பொருள் கட்டாயம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸுக்குக் கேமராவோடு பேசத் தெரியும். கேமராவைக் கணினியிலிருந்து இயக்கிப் படமெடுப்பது, ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இருக்கும் நிரல்) புதுப்பிப்பது, ரா கோப்புகளை (கேமரா சுருக்காமல் பதியும் மூலப் படங்களை) நிறுவனத்தின் முறையிலேயே மாற்றுவது போன்ற வேலைகளுக்குத்தான் நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். ஆகவே கீழே எதையாவது நிறுத்தச் சொன்னால் தயங்காமல் நிறுத்தலாம். உங்கள் படங்களுக்கு ஒன்றும் ஆகாது.

லோகோ வருவதற்கு முன்பே நின்றால்

இங்கே மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டாம். விண்டோஸே இன்னும் எழுந்திருக்கவில்லை. கணினியில் செருகியிருக்கும் கேமராவையோ, கார்டு ரீடரில் இருக்கும் மெமரி கார்டையோ பாருங்கள்.

யூஎஸ்பியில் கேமராவை மாட்டி வைத்தபடியே, அல்லது கார்டை உள்ளே விட்டபடியே கணினியை ஆன் செய்தால், பயாஸ் (விண்டோஸுக்கு முன் கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) அதையும் ஒரு டிஸ்க் என்று எண்ணி அதிலிருந்து துவங்கப் பார்க்கும். கேமராவில் ஃபார்மட் செய்த கார்டின் முதல் 512 பைட்டில் பார்ட்டிஷன் விவரம் இருக்கும், ஆனால் கணினியைத் துவக்கும் நிரல் இருக்காது. பழைய பயாஸ் அதோடு திகைத்து நின்றுவிடும். "மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்", "நான்-சிஸ்டம் டிஸ்க்" போன்ற வரிகளோ, வெறுமனே மின்னும் ஒரு கோடோ தெரிந்தால் இதுதான் விஷயம். பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ உள்ள புதிய கணினிகள் கார்டில் துவக்கக் கோப்பு இல்லையென்று கண்டதும் பெரும்பாலும் அடுத்த டிஸ்க்குக்குப் போய்விடும்.

கேபிளைக் கழற்றுங்கள், கார்டை எடுங்கள், பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். சரியாகத் திறந்தால் காரணம் உறுதி. இனி வராமல் இருக்க, கணினியின் பூட் வரிசையில் உள்ளே இருக்கும் டிஸ்க்கை முதலிடத்துக்கும் யூஎஸ்பியைக் கடைசிக்கும் மாற்றுங்கள். ஆன் செய்ததும் டெல், பல லெனோவா கணினிகளில் எஃப்2, எச்பியில் எஃப்10, பாகங்களைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்த டெஸ்க்டாப்புகளில் பெரும்பாலும் டெலீட் விசையைத் தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். பிட்லாக்கர் பூட்டு போட்ட கணினி என்றால் பூட் வரிசையை மாற்றியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

வரிசையை மாற்றப் பயமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. கேமராவின் மெனுவில் யூஎஸ்பி கனெக்‌ஷன் என்ற இடத்தில் மாஸ் ஸ்டோரேஜ் என்று இருப்பதை எம்டிபி அல்லது பிடிபி என்று மாற்றுங்கள். அதற்குப் பிறகு பயாஸின் கண்ணுக்குக் கேமரா ஒரு டிஸ்க்காகத் தெரியாது. எல்லாக் கேமராவிலும் இந்தத் தேர்வு இருக்காது.

உள்ளே போனபின் மந்தமாக இருந்தால்

நடப்பதில் பெரும்பகுதி இதுதான். கேமரா மென்பொருள்கள் நிறுவப்படும்போதே, கணினி திறக்கும் ஒவ்வொரு முறையும் தாமும் எழுந்துகொள்ளும்படி பதிந்துகொள்கின்றன. யாராவது கேமராவைச் செருகுகிறார்களா என்று காத்திருக்க ஒன்று, புதுப்பதிப்பு வந்திருக்கிறதா என்று இணையத்தில் கேட்க ஒன்று, படங்களின் பட்டியலைப் புதுப்பிக்க ஒன்று என்று ஒரே நிறுவனத்தின் இரண்டு மூன்று நிரல்கள் இருக்கும். கேனான், நிக்கான், சோனி மூன்றையும் கையாளும் ஸ்டுடியோ கணினியில் எத்தனை சேரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி இல்லாமல் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கணினி என்றால் எல்லாம் ஒரே நேரத்தில் டிஸ்க்கைக் கேட்கும், டெஸ்க்டாப் உறைந்து நிற்கும்.

படி 1. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதிக்குப் போங்கள். விண்டோஸ் 10-இல் மேலே ஸ்டார்ட்அப் என்ற டேப் இருக்கும். சின்னதாகத் திறந்தால் "மோர் டீட்டெய்ல்ஸ்" என்பதைக் கிளிக் செய்த பிறகே அது தெரியும்.

படி 2. வலது மூலையில் "லாஸ்ட் பயாஸ் டைம்" என்று சில விநாடிகள் காட்டும். விண்டோஸுக்கு முன் பயாஸ் எடுத்துக்கொண்ட நேரம் அது. இந்த எண் மிகப் பெரிதாக இருந்தால் மேலே சொன்ன கார்டு, கேபிள் பக்கத்துக்கே திரும்புங்கள். சில கணினிகளில் இது காட்டாது.

படி 3. "ஸ்டார்ட்அப் இம்பாக்ட்" நெடுவரிசையைப் பாருங்கள். ஹை என்றால் அந்த நிரல் துவக்கத்தில் 1 விநாடிக்கு மேல் பிராசஸரையோ 3 எம்பிக்கு மேல் டிஸ்க்கையோ பயன்படுத்தியது என்று பொருள். 300 மில்லி விநாடிக்கும் 300 கேபிக்கும் கீழே என்றால் லோ. நடுவில் இருப்பது மீடியம். "நாட் மெஷர்டு" என்று இருந்தால் இன்னும் அளக்கப்படவில்லை, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து வாருங்கள்.

படி 4. நெடுவரிசைத் தலைப்பின் மேல் வலது கிளிக் செய்து "கமாண்ட் லைன்" என்பதை டிக் செய்யுங்கள். ஒவ்வொரு நிரலும் எந்த ஃபோல்டரிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். பெயரை மட்டும் பார்த்து அடையாளம் காண முடியாதவை பல. சோனியின் பழைய படத் தொகுப்பு மென்பொருள் "பிஎம்பி" என்று தொடங்கும் பெயரில் இருக்கும். நிக்கானுக்கு "மெசேஜ் சென்டர்" இருக்கும். எச்பி போட்டோஸ்மார்ட் போட்ட கணினியில் "டிஜிட்டல் இமேஜிங் மானிட்டர்" இருக்கும். கேனானில் ஈஓஎஸ் யுடிலிட்டியைத் தேடுங்கள். 2016-இல் நிறுத்தப்பட்ட பிகாசாவும், 2012-இல் கேமரா தயாரிப்பையே விட்டுவிட்ட கோடாக்கின் ஈஸிஷேரும் பழைய கணினிகளில் இன்னும் ஒவ்வொரு நாளும் எழுந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

அந்தப் பட்டியலில் ஐகான் இல்லாமல் வெறும் "புரோகிராம்" என்று ஒரு வரி இருந்தால் அதையும் கவனியுங்கள். நீக்கப்பட்ட மென்பொருள் விட்டுச்சென்ற எச்சம் அது. முகவரியில் இடைவெளி இருந்து மேற்கோள்குறி இல்லாததால், விண்டோஸ் "புரோகிராம் ஃபைல்ஸ்" என்பதன் முதல் சொல்லை மட்டும் பெயராகக் காட்டுகிறது. கமாண்ட் லைனில் முழு முகவரியும் தெரியும்.

படி 5. கேமரா சம்பந்தப்பட்ட ஒவ்வொன்றையும் வலது கிளிக் செய்து "டிஸேபிள்" கொடுங்கள். இது எதையும் அழிக்காது, திரும்ப எனேபிள் செய்துகொள்ளலாம். ஒலி, டச்பேட், ஆன்டிவைரஸ் ஆகியவற்றைத் தொடாதீர்கள்.

படி 6. இப்போது ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஷட்டவுன் செய்து ஆன் செய்யாதீர்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட்டவுன் செய்யும்போது கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களும் (சாதனங்களை இயக்கும் நிரல்கள்) இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எடுக்கப்படும். டிரைவர்கள் புதிதாகத் துவங்க ரீஸ்டார்ட்தான் வழி.

டாஸ்க் மேனேஜரில் எதுவும் கண்ணில் படவில்லை என்றால், மென்பொருள் சர்வீஸாக (திரையில் தெரியாமல் பின்னணியில் ஓடும் நிரலாக) பதிந்திருக்கும். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்று தேடித் திறந்து, சர்வீசஸ் டேபில் "ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்" என்பதைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். அதன் பிறகே மீதியில் கேமரா நிறுவனத்தின் பெயர் உள்ளவற்றின் டிக்கை எடுக்க வேண்டும். அந்த டிக் இல்லாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. பூட் டேபில் உள்ள "சேஃப் பூட்" பெட்டியையும் தொட வேண்டாம். அதில் டிக் போட்டுவிட்டால், அதை எடுக்கும்வரை கணினி ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே (அத்தியாவசிய நிரல்கள் மட்டும் ஓடும் நிலையிலேயே) திறக்கும்.

விண்டோஸ் இமேஜ் அக்விசிஷன் என்ற சர்வீஸ் கேமராவுடையது போலத் தெரியும், ஆனால் அது மைக்ரோசாஃப்டினுடையது. அதை நிறுத்தினால் ஸ்கேனர் வேலை செய்யாது.

எவ்வளவு மிச்சமானது என்று அளந்து பார்க்க விரும்பினால் விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆப்பரேஷனல் என்று வரிசையாக உள்ளே போங்கள். ஈவன்ட் எண் 100 மொத்தத் துவக்க நேரத்தை மில்லி விநாடியில் சொல்லும். 95000 என்றால் 95 விநாடி. 101 இருந்தால் தாமதப்படுத்திய நிரலின் பெயரும், 102-இல் டிரைவரின் பெயரும், 103-இல் சர்வீஸின் பெயரும் இருக்கும். ஊகத்தைவிட இந்த நான்கு எண்களை நம்புங்கள்.

திறக்கும்போது பிழைச் செய்தி வந்தால்

"ரன்டிஎல்எல்" என்ற தலைப்போடு, குறிப்பிட்ட கோப்பைக் காணவில்லை என்று சின்னப் பெட்டி வந்தால், மென்பொருளை நீக்கிய பிறகும் அதை அழைக்கும் வரி மட்டும் தங்கிவிட்டது என்று அர்த்தம். மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவியை அட்மினாக இயக்குங்கள். கோப்பு இல்லாத வரிகளை அது மஞ்சள் நிறத்தில் காட்டும். பெட்டியில் வந்த கோப்பின் பெயரோடு பொருந்தும் வரியின் டிக்கை மட்டும் எடுங்கள். மஞ்சளாக இருப்பதையெல்லாம் மொத்தமாக அழிக்க வேண்டாம்.

"காம் சரகேட்" நின்றுவிட்டது என்று வந்தால் ரா கோப்புகளுக்காகப் போட்ட பழைய கோடெக்கை (அந்தக் கோப்புகளைப் படித்துக் காட்டும் சிறு நிரலை) சந்தேகியுங்கள். டெஸ்க்டாப்பிலேயே ரா கோப்புகள் கிடந்தால், கணினி திறந்ததும் அவற்றின் சிறுபடங்களை உருவாக்கும் வேலை கோடெக்கின் தலையில் விழும், அது அங்கேயே முறிந்துவிடும். அந்தக் கோப்புகளை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். பழைய கோடெக்கை நீக்கிவிட்டு, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் ரா இமேஜ் எக்ஸ்டென்ஷனைப் போடுங்கள்.

லோகோவோடு சுற்றிக்கொண்டே இருந்தால்

இது டிரைவர் வேலை. பழைய கேமராவோடு வந்த சிடியில் விஸ்டாவுக்கோ எக்ஸ்பிக்கோ எழுதிய டிரைவர் இருக்கும். 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. 64 பிட்டில் ஏறியும் இன்றைய விண்டோஸோடு ஒத்துப்போகாததுதான் நீலத்திரை வரை கொண்டுபோய் விடுகிறது.

லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்குப் போகும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், பட்டியல் வந்ததும் 4-ஐ அழுத்துங்கள். சேஃப் மோட் திறக்கும். இங்கும் பிட்லாக்கர் எண் கேட்கலாம்.

சேஃப் மோடில் திறந்துவிட்டால் டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவுக்குப் போய் "ஷோ ஹிட்டன் டிவைசஸ்" கொடுங்கள். கேமராஸ், இமேஜிங் டிவைசஸ், போர்ட்டபிள் டிவைசஸ் ஆகிய மூன்றையும் விரித்துப் பாருங்கள். பழைய கேமராவின் பெயர் மங்கலாகத் தெரியும். அதை வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுக்கும்போது, டிரைவரையும் நீக்கும் பெட்டி காட்டினால் டிக் செய்யுங்கள். லேப்டாப்பின் சொந்த வெப்கேமும் இதே பட்டியலில்தான் இருக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மென்பொருளை முழுதாக நீக்குவதைச் சேஃப் மோடில் செய்யப் பார்த்தால் பெரும்பாலும் முடியாது. விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் அங்கே ஓடாது என்பதால், அதை நம்பி நிறுவிய நிரல்கள் நீங்க மறுக்கும். சேஃப் மோடில் ஸ்டார்ட்அப்பையும் சர்வீஸையும் மட்டும் நிறுத்திவிட்டு, சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்து, செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அங்கிருந்து நீக்குங்கள். சேஃப் மோடும் திறக்கவில்லையென்றால் அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் சிஸ்டம் ரெஸ்டோர் இருக்கிறது. மென்பொருள் போட்ட தேதிக்கு முந்தைய புள்ளி ஒன்று பட்டியலில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். படங்கள் அழியாது, ஆனால் அந்தத் தேதிக்குப் பின் போட்ட மற்ற நிரல்களும் போய்விடும்.

நீக்குவதற்கு முன் கவனிக்க வேண்டியது

மென்பொருளை நீக்கினாலும் படங்கள் பிக்சர்ஸ் ஃபோல்டரிலேயே இருக்கும். ஆல்பம் பிரிவுகள், நட்சத்திரக் குறிகள், நீங்கள் எழுதிய குறிப்புகள் போன்றவை மென்பொருளின் பட்டியலில் மட்டும் இருந்தால் அதோடு காணாமல் போகும். வருடக்கணக்கில் பெயர் போட்டு அடுக்கிய குடும்பப் படங்கள் என்றால் பிக்சர்ஸ் ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, ஆல்பங்களை ஃபோல்டர்களாக ஏற்றுமதி செய்துவிட்டுத்தான் நீக்க வேண்டும். அந்த அடுக்கை மறுபடி யாராலும் உருவாக்க முடியாது.

மென்பொருள் உண்மையிலேயே தேவையென்றால் சிடியை விட்டுவிட்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்றைய பதிப்பை எடுங்கள். நிறுவும்போது "கஸ்டம்" தேர்ந்தெடுத்து வேண்டியதை மட்டும் டிக் செய்யுங்கள். நிக்கான் டிரான்ஸ்ஃபர் 2 என்றால் பிரெஃபரன்சஸில், கேமராவை இணைத்ததும் தானாகத் திறக்கும் தேர்வை எடுத்துவிடுங்கள். பிறகு செட்டிங்ஸில் ஆட்டோபிளே பக்கத்தில் மெமரி கார்டுக்கு "ஓபன் ஃபோல்டர்" என்பதைக் கொடுத்தால், கார்டைச் செருகியதும் கேமரா படங்களைச் சேமிக்கும் டிசிஐஎம் ஃபோல்டர் உள்ள பக்கம் நேராகத் திறக்கும், காப்பி செய்துகொள்ளலாம்.

இத்தனையும் செய்து, எல்லா வெளிச் சர்வீஸையும் நிறுத்திய பிறகும் ஈவன்ட் 100 அதே நேரத்தையே காட்டினால் கேமரா மென்பொருளை விட்டுவிடுங்கள். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் 0-ஐப் பாருங்கள். திறந்து ஐந்து நிமிடம் கழிந்தும் 100 சதவீதத்திலேயே நின்று, ரெஸ்பான்ஸ் டைம் நூற்றுக்கணக்கான மில்லி விநாடி காட்டினால் ஹார்ட் டிஸ்க் தேய்ந்துகொண்டிருக்கலாம். அப்போது வேறு எதையும் முயலாமல் படங்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, எஸ்எஸ்டி போடுவதைப் பாருங்கள்.