விர்ச்சுவல்பாக்ஸில் -1908 பிழையா? மறுபடி நிறுவுவதற்கு முன் இதைப் பாருங்கள்

அண்ணன் கடைக் கணக்கு விண்டோஸில் ஓடும் டாலி மென்பொருளில் இருக்கிறது. என் மடிக்கணினியில் இருப்பதோ உபுண்டு 24.04 மட்டும். சரி, கணினிக்குள் இன்னொரு கணினியை (மெய்நிகர் கணினி) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விண்டோஸ் போட்டுக்கொள்வோம் என்று உட்கார்ந்தேன். மெய்நிகர் கணினியை உருவாக்குவது வரை தொந்தரவே இல்லை. ஸ்டார்ட்டை அழுத்தியதும் 'கர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு (ஆர்சி=-1908)' என்று ஒரு பெட்டி வந்து நின்றது. விர்ச்சுவல்பாக்ஸை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். அதே பெட்டி. மறுபடி நீக்கினேன். ஒரு சாயங்காலம் முழுக்க இதிலேயே போயிற்று.

விர்ச்சுவல்பாக்ஸுக்கு விபாக்ஸ்டிஆர்வி என்ற மாட்யூல் (துணை நிரல்) கர்னலுக்குள், அதாவது உபுண்டுவின் மையப் பகுதிக்குள், ஏறியிருக்க வேண்டும். அது ஏறவில்லை என்பதைத்தான் -1908 சொல்கிறது. ஏன் ஏறவில்லை என்பது அந்தப் பெட்டியில் இருக்காது.

படி 1: கர்னலையே கேளுங்கள்

டெர்மினலில் 'சூடோ மோட்புரோப் விபாக்ஸ்டிஆர்வி' என்று கொடுங்கள். ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்துவிட்டால் மாட்யூல் ஏறிவிட்டது, நேராகப் படி 4-க்குப் போகலாம். 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்றால் படி 2. 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்றால் படி 3. நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியது இந்த ஒரு வரிதான்.

படி 2: மாட்யூலே இல்லை

அப்படியென்றால் அது கம்பைல் ஆகவில்லை, அதாவது மூல நிரலிலிருந்து உங்கள் கர்னலுக்கு ஏற்றபடி உருவாகவில்லை. கம்பைலுக்குத் தேவையான, உங்கள் கர்னலுக்கான ஹெட்டர் தொகுப்பு இல்லாததுதான் வழக்கமான காரணம். 'யூநேம் -ஆர்' காட்டும் பதிப்பும் ஹெட்டரின் பதிப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஹெட்டரை நிறுவிவிட்டு 'சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்' ஓட்டுங்கள் (மாட்யூல்களைக் கம்பைல் செய்து தரும் கருவிதான் டிகேஎம்எஸ்). பிறகு 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' பாருங்கள், 'இன்ஸ்டால்டு' என்று வந்தால் போதும். ஹெட்டர் இருந்தும் கம்பைல் நின்றுபோனால், கர்னல் புதிதாகவும் விர்ச்சுவல்பாக்ஸ் பழையதாகவும் இருக்கலாம். அவசரமென்றால் கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து அன்றைய வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

படி 3: சாவியை ஏற்கவில்லை

நான் விழுந்த பள்ளம் இதுதான். செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் காவல்) இயங்கும் கணினியில், நம்பகமான சாவியால் கையெழுத்திடாத மாட்யூலை உபுண்டு கர்னல் உள்ளே விடாது. நம் கணினியிலேயே கம்பைல் ஆன மாட்யூலுக்கு நம் கணினியே ஒரு சாவி உருவாக்கிக் கையெழுத்திடும். அந்தச் சாவியை ஏற்கச் சொல்லி நாம் ஒருமுறை ஒப்புதல் தர வேண்டும். அந்தச் சாவிக்கு 'மோக்' என்று பெயர்.

ஒப்புதல் இரண்டு பாதியாக நடக்கிறது. நிறுவும்போதே டெர்மினலில் ஒரு திரை வந்து கடவுச்சொல் கேட்கும். 8 முதல் 16 எழுத்து வரை இருக்கலாம். அது உங்கள் லாகின் கடவுச்சொல் அல்ல, அடுத்த பூட்டில் ஒரே ஒரு தடவை தேவைப்படுவது. நான் எதையோ அடித்து என்டரைத் தட்டிவிட்டு மறந்தே போனேன். அப்புறம் ரீபூட் கொடுத்துவிட்டுக் காபி போடப் போனேன். இரண்டாம் பாதி அந்த ரீபூட்டில்தான் இருக்கிறது! ஒரு நீலத் திரை வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லி 10 நொடி காத்திருக்கும். யாரும் அழுத்தாவிட்டால் சத்தமில்லாமல் உபுண்டுவுக்குள் போய்விடும். நான் காபியோடு திரும்பியபோது லாகின் திரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தவறவிட்டவர்கள் 'சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ' கொடுத்துப் புதுக் கடவுச்சொல் வைத்துக்கொண்டு மறுபடி ரீபூட் செய்யுங்கள். இந்தத் தடவை நாற்காலியை விட்டு எழ வேண்டாம். நீலத் திரையில் 'என்ரோல் மோக்', பிறகு 'கன்டினியூ', பிறகு 'எஸ்', கடவுச்சொல், கடைசியாக 'ரீபூட்'. கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. அங்கே விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கும் என்பதால், குறியீடுகள் இல்லாமல் எண்ணும் சின்ன எழுத்தும் மட்டும் வைத்துக்கொள்வது உத்தமம்.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடச் சொல்பவர்கள் நிறைய. அணைத்தாலும் வேலை நடக்கும்தான். 2 நிமிட வேலைக்குச் சோம்பல்பட்டுப் பூட்டையே கழற்றுவானேன் என்பது என் கட்சி.

படி 4: பிழை மாறிவிட்டதா?

விடி-எக்ஸ் என்பது மெய்நிகர் கணினிகளுக்காக இன்டெல் சிப்பிலேயே இருக்கும் வசதி. -1908 போய் 'விடி-எக்ஸ் இஸ் டிசேபிள்டு' என்று வந்தால் பயாஸுக்குள் போய் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி'யை இயக்குங்கள். ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம் மோட்'.

'விடி-எக்ஸை வேறொரு ஹைப்பர்வைசர் பயன்படுத்துகிறது' என்ற பொருளில் வந்தால் அது வேறு கதை. ஹைப்பர்வைசர் என்றால் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்; கர்னலுக்குச் சொந்தமாக உள்ளது கேவிஎம். கர்னல் 6.12 முதல், கேவிஎம் மாட்யூல் ஏறிய உடனேயே விடி-எக்ஸைத் தன் வசம் எடுத்துக்கொள்கிறது. முன்பு ஏதாவது ஒரு மெய்நிகர் கணினி ஓடினால்தான் எடுக்கும். 'சூடோ மோட்புரோப் -ஆர் கேவிஎம்_இன்டெல்' கொடுத்து இறக்கிவிட்டால் விர்ச்சுவல்பாக்ஸ் ஓடும். ரீபூட் செய்தால் கேவிஎம் திரும்ப ஏறிக்கொள்ளும்.

எதைப் பயன்படுத்துவது?

விர்ச்சுவல்பாக்ஸ்தான் வேண்டுமென்றால் தனியாக இறக்காமல் உபுண்டு களஞ்சியத்தில் இருப்பதையே நிறுவுங்கள். பதிப்பு கொஞ்சம் பழசாக இருக்கும், ஆனால் மேலே சொன்ன சாவி வேலையை அதுவே கேட்டுச் செய்யும். கட்டாயம் இல்லாதவர்கள், கேவிஎம்மை வைத்து மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ட்-மேனேஜருக்குப் போய்விடுங்கள். கேவிஎம் 2007 முதல் கர்னலோடு சேர்ந்தே வருகிறது. கம்பைலும் இல்லை, நீலத் திரையும் இல்லை.

பிற்சேர்க்கை: இதைப் படித்து விர்ட்-மேனேஜருக்கு மாறிய ஒருவர், ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் நகல்) கொடுத்ததும் 'பெர்மிஷன் டினைடு' வருகிறது என்று எழுதியிருந்தார். கோப்பு டவுன்லோட்ஸில் இருந்திருக்கிறது. உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் கோப்புறைக்குள் மற்ற பயனர்கள் நுழைய முடியாது. மெய்நிகர் கணினியோ 'லிப்விர்ட்-கியூஎமு' என்ற வேறு பயனராக ஓடுகிறது. ஐஎஸ்ஓவை '/வார்/லிப்/லிப்விர்ட்/இமேஜஸ்' கோப்புறைக்கு நகர்த்தச் சொன்னேன். அன்று இரவே ஓடிவிட்டதாம்.