மெல்லேடுகளில் மருந்து ஏற்றுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்தால் எங்கள் லேபுக்கு ப்ராஜெக்ட் மாணவர்கள் வந்துவிடுவார்கள். முக்கால்வாசிப் பேருக்குத் தலைப்பு ஒன்றுதான்: சில அணுக்கள் தடிமனே உள்ள ஏடுகளில் புற்றுநோய் மருந்தை ஏற்றி, கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் இறக்குவது. கிராபீன் ஆக்சைடு, எம்எக்ஸீன், கறுப்பு பாஸ்பரஸ் என்று ஏடு மாறும்; தவறுகள் மாறுவதில்லை. எங்கள் செட்டும் செய்தவைதான் எல்லாம். கையுறை போடு, பைப்பெட்டைச் சரிபார் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவரை உள்ளே விட்டதே தப்பு.

ஏட்டை அவனில் (oven) காயவைப்பது

வேண்டாம். காய்ந்தால் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காகிவிடும். ஒலி அலையால் கலைக்கும் சோனிகேட்டரில் எவ்வளவு நேரம் போட்டாலும் பழைய மெல்லிசு திரும்பாது.

வெறும் மருந்தை வைக்காமல் டயாலிசிஸ் பை கட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். மருந்து ஏற்றிய ஏட்டை நுண்துளைச் சவ்வுப் பையில் கட்டி, பஃபரில் (பிஎச் மாறாத கரைசல்) போட்டு, வெளியே வரும் மருந்தை நேரத்துக்கு நேரம் அளந்து கோடு வரைவார்கள். அதுதான் கர்வ்.

"அக்கா, கர்வ் சூப்பரா வந்திருக்கு!" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றிய கிராபீன் ஆக்சைடு. பிஎச் 7.4-ல் கோடு தரையோடு படுத்திருக்கும், 5.5-ல் மெல்ல மெல்ல ஏறும். கட்டியைச் சுற்றியும் செல்லின் உள்ளறைகளிலும் அமிலத்தன்மை அதிகம் என்பதால், ரத்தத்தில் மருந்தைப் பிடித்துக்கொண்டு கட்டிக்குள் விடும் 'ஸ்மார்ட்' ஏடு இது என்று தலைப்பும் தயார். நான் கேட்பது ஒரே கேள்வி: "ஏடே இல்லாம, வெறும் மருந்தை மட்டும் பையில போட்டுப் பாத்தியா?" உடனே ஒரு மௌனம். "அது எதுக்குக்கா?"

எதற்கென்றால், மருந்து இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். ஏட்டிலிருந்து கழன்று பைக்குள் இருக்கும் தண்ணீருக்கு வருவது ஒன்று. பையின் சவ்வைக் கடந்து வெளியே வருவது இன்னொன்று. நாம் அளப்பது வெளியே வந்ததை மட்டும்தான். டாக்ஸோரூபிசினின் மூலக்கூறு எடை 543 டால்டன். பையின் துளை 12,000 டால்டன் வரை விடும் என்று அட்டையில் போட்டிருக்கும். அதனால் மருந்து சட்டென்று வெளியே வந்துவிடும் என்று நினைப்பார்கள். வராது. சவ்வைக் கடக்கவே மணிக்கணக்காகும். பொங்கல் லீவு முடிந்து பரனூர் டோல்கேட்டில் நகராமல் நிற்கிற காரைப் பார்த்து, எஞ்சின் வீக் என்று யாராவது சொல்வார்களா? பையின் தாமதத்தை ஏட்டின் சாமர்த்தியமாக எழுதுவதும் அதேதான்.

பிஎச் வித்தியாசத்துக்கு வருவோம். டாக்ஸோரூபிசினில் ஓர் அமீன் தொகுதி இருக்கிறது. அமிலத்தில் அது புரோட்டானை ஏற்றுக்கொள்ளும், மருந்து நன்றாகக் கரையும். 7.4 பாஸ்பேட் பஃபரில், 37 டிகிரியில் இரண்டு நாள் கிடந்தால் கரைதிறன் குறைவு, கொஞ்சம் சிதையவும் செய்யும், கண்ணாடியிலும் சவ்விலும் ஒட்டிக்கொள்ளும். ஆக, ஏடே இல்லாவிட்டாலும் 7.4-ல் கோடு தாழ்ந்துதான் இருக்கும். சந்தேகமிருந்தால் பரிசோதனை முடிந்ததும் பையைப் பிரித்து, நன்றாகக் கழுவி, வெள்ளைத் தாளின் மேல் விரித்துப் பாருங்கள். சவ்வில் ஆரஞ்சுக் கறை ஏறியிருந்தால், அது 'இன்னும் ஏட்டிலேயே இருக்கிறது' என்று நீங்கள் கணக்கு எழுதிய மருந்து.

தெரிந்த குழு ஒன்று இப்படிப்பட்ட கர்வை நம்பி எலிகளுக்கு ஊசி போடும் இடைவெளியைத் தீர்மானித்தது. மருந்து இரண்டு நாள் மெல்லக் கசியும் என்பது கணக்கு. ரத்தத்தில் பஃபர் மட்டுமா இருக்கிறது? புரதங்கள் ஏட்டை மொய்த்துக்கொள்ளும், மருந்தைப் பிடுங்கவும் செய்யும். கழன்ற டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பதம் பார்க்கும் என்பது புற்றுநோய் வார்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எலிகள் இளைத்தன, வேலை பாதியில் நின்றது, எதிக்ஸ் கமிட்டிக்கு மறுபடி விண்ணப்பம். அந்தப் பிஎச்டி மாணவிக்கு ஒரு வருஷம் போச்சு. ஒரு பை கூடுதலாகக் கட்டியிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

எனவே வெறும் மருந்து, மருந்தும் ஏடும் சும்மா கலந்தது, ஏற்றிய ஏடு என மூன்றையும் இரண்டு பிஎச்சிலும் வையுங்கள். பஃபரில் சீரம் சேர்த்தும் ஒருமுறை பாருங்கள். முடிவில் வெளியே வந்தது, பைக்குள் மிஞ்சியது, சவ்வில் ஒட்டியது எல்லாவற்றையும் கூட்டுங்கள். போட்டதற்குச் சமமாக வராவிட்டால் அந்தக் கர்வை யாரிடமும் காட்டாதீர்கள். என்னிடம் நிச்சயமாக வேண்டாம்.

மருந்துக்கடைக் குப்பியை எடை போடுவது

10 மில்லிகிராம் என்று எழுதிய குப்பியில் இருக்கும் பொடி முழுவதும் மருந்தல்ல. பல பிராண்டுகளில் லாக்டோஸ் கலந்திருக்கும். லேபிளைப் படியுங்கள்.

எம்டிடி ஊதாவை நம்புவது

செல் உயிரோடிருந்தால் எம்டிடி சாயம் ஊதாவாகும். சிக்கல் என்னவென்றால், கிராபீன் ஆக்சைடு செல்லே இல்லாமலும் அதை ஊதாவாக்கும். 2011-லேயே இதை வெளியிட்டுவிட்டார்கள். செத்த செல்கள் உயிரோடிருப்பதாகக் கணக்கு வரும். 'நச்சுத்தன்மை இல்லை' என்று அறிக்கையும் எழுதுவோம். செல் இல்லாத குழிகளில் ஏட்டை மட்டும் போட்டு ஒரு வரிசை வையுங்கள். டபிள்யூஎஸ்டி-8 மாதிரி வேறொரு சோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள்.

ஃபோலிக் அமிலத்தை ஒட்டிவிட்டு, ஃபோலிக் அமிலத்திலேயே மிதக்கவிடுவது

சில புற்றுநோய் செல்களில் ஃபோலிக் அமிலத்தைப் பிடிக்கும் ஃபோலேட் ஏற்பிகள் அதிகம். அதனால் ஏட்டின் ஓரத்தில் ஃபோலிக் அமிலத்தை ஒட்டிக் குறிவைக்கிறோம். சரி. ஆனால் செல் வளரும் ஆர்பிஎம்ஐ 1640 ஊடகத்திலேயே லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது, டிஎம்இஎம் என்ற இன்னோர் ஊடகத்தில் 4. ரத்தத்தில் இருப்பதைவிட இது மிக அதிகம். ஏற்பிகளெல்லாம் ஏற்கனவே நிரம்பியிருக்க, ஏட்டுக்கு எங்கே இடம்? ஃபோலேட் இல்லாத ஆர்பிஎம்ஐ தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ஃப்ரீஸரில் கைக்குக் கிடைத்தது என்று ஏ549 என்ற நுரையீரல் புற்றுநோய் செல்லை எடுப்பவர்களும் உண்டு. அதில் இந்த ஏற்பி மிகக் குறைவு; ஒப்பீட்டுக்குத்தான் உதவும்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் வாயைக் கொஞ்சம் அடக்கி எழுதுவது நல்லது. பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து டொராண்டோவில் வாரன் சான் குழு 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஊசியில் போட்ட நானோ துகள்களில் கட்டியைச் சேர்ந்தது இடைநிலையாக 0.7 சதவீதம்.

0.22 மைக்ரான் வடிகட்டி

கிருமி நீக்க வடிகட்டும்போது ஏட்டுக் கரைசல் பழுப்பாக உள்ளே போய்த் தெளிவாக வெளியே வந்தால், சரக்கு வடிகட்டியில் இருக்கிறது.

எம்எக்ஸீனை மேசையில் விட்டுவிட்டு ஊருக்குப் போவது

சித்திரை வெயில், ஏசி ஆஃப், பாதி நிரம்பிய பாட்டில். தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்து எம்எக்ஸீனான டைட்டானியம் கார்பைடை டைட்டானியம் டை ஆக்சைடாக்கிவிடும். கறுப்பாக வைத்துவிட்டுப் போனது வெளிறிக் கலங்கியிருக்கும். ஆர்கான் செலுத்தி, சின்னக் குப்பிகளில் விளிம்புவரை நிரப்பி, தேதி எழுதி ஃப்ரிட்ஜில் வையுங்கள். திறந்த குப்பியைத் திரும்ப மூடி வைக்காதீர்கள்.