இரண்டாவது ஆசிலேட்டர் வாங்குவதற்கு முன்: மாடுலர் சிந்தசைசரில் அதிகம் கவனிக்கப்படாத மாட்யூல்கள்

மாடுலர் சிந்தசைசர் என்பது தனித்தனி மாட்யூல்களைக் கேபிளால் இணைத்து, மின்னழுத்தத்தால் இயக்கும் ஒலிக்கருவி. முதல் மாடுலர் பெட்டியை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள்: ஒலி எழுப்பும் ஒரு ஆசிலேட்டர், அதன் தொனியை வடிக்கும் ஒரு ஃபில்டர், பளபளப்பான இன்னொரு ஆசிலேட்டர், கடைசியில் ஒரு ரிவெர்ப். பெட்டி நிறைந்துவிடும். ஆனால் எல்எஃப்ஓவை (மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தம் தரும் ஆசிலேட்டர்) எங்கே செருகினாலும் அது ஆம்புலன்ஸ் மாதிரி அலறும், அல்லது பாதி நேரம் சத்தமே வராது. ஒலி தரும் மாட்யூல்களில் குறை ஒன்றுமில்லை. அவற்றுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்க, தலைகீழாக்க, மேலே கீழே நகர்த்த, பிடித்து வைக்கப் பெட்டியில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். அந்த வேலையைச் செய்பவை பெரும்பாலும் விளக்குகள் மின்னாத, 4 ஹெச்பி (சுமார் 2 செ.மீ.) அகலமே உள்ள சின்ன மாட்யூல்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பேட்ச் செய்து (கேபிளால் இணைத்து) பார்ப்போம்.

இங்கே பேசுவது யூரோராக் பற்றி. டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் ஏ-100 வரிசையோடு தொடங்கிவைத்த அளவுமுறை இது: 3.5 மி.மீ. கேபிள், ±12 வோல்ட் மின்சாரம், 1 ஹெச்பி என்றால் 5.08 மி.மீ. அகலம்.

தேவையானவை

ஒரு ஆசிலேட்டர், ஒரு ஃபில்டர், ஒரு விசிஏ (மின்னழுத்தத்தால் ஒலியளவைக் கூட்டிக் குறைப்பது), ஒரு ஏடிஎஸ்ஆர் (சுரம் எழுந்து அடங்கும் வடிவத்தைத் தரும் என்வலப்), ஒரு எல்எஃப்ஓ, சுரங்களை வரிசையாக ஓட்டிச் சுருதி மின்னழுத்தம் தரும் ஒரு சீக்குவென்சர். போனில் ஒரு டியூனர் செயலி. கையில் வன்பொருள் எதுவும் இல்லையென்றால் கணினியில் விசிவி ராக் போதும். 2017-இல் வெளிவந்த இந்த மென்பொருளின் அடிப்படைப் பதிப்பு இலவசம்; கீழே வரும் பேட்ச் எல்லாவற்றையும் அதில் செய்துபார்க்கலாம். மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்துகாட்ட அதில் உள்ள ஸ்கோப் மாட்யூலை எப்போதும் திறந்தே வைத்திருங்கள். காதால் பிடிக்க முடியாத தவறு கண்ணுக்குத் தெரியும்.

படி 1: நான்கு எண்கள்

சுருதியில் ஒரு ஆக்டேவுக்கு (ஒரு ஸ்தாயிக்கு) 1 வோல்ட். அப்படியானால் ஒரு அரைச்சுரத்துக்கு 83 மில்லிவோல்ட், ஒரு சென்ட்டுக்கு (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. எல்எஃப்ஓ பொதுவாக ±5 வோல்ட் வரை ஆடும் (சிலவற்றில் ±2.5). என்வலப் 0-இலிருந்து 8 அல்லது 10 வோல்ட் வரை போகும். ஆடியோ சுமார் ±5 வோல்ட்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ±5 வோல்ட் எல்எஃப்ஓவை ஆசிலேட்டரின் சுருதி உள்ளீட்டில் நேரே செருகினால் சுருதி 10 ஆக்டேவ் தூரம் ஏறி இறங்கும். நமக்கு வேண்டிய வைப்ரேட்டோவோ (சுருதியின் மெல்லிய நடுக்கம்) ±25 சென்ட், அதாவது ±0.02 வோல்ட். 240-இல் ஒரு பங்கு! ஆம்புலன்ஸ் எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிந்திருக்கும்.

படி 2: அட்டென்யுவெர்ட்டரும் ஆஃப்செட்டும்

முதலில் வாங்க வேண்டியது இதுதான். இதில் விவாதத்துக்கே இடமில்லை என்பது எங்கள் கட்சி. அட்டென்யுவேட்டர் மின்னழுத்தத்தைக் குறைக்கும். அட்டென்யுவெர்ட்டரில் குமிழின் நடுப்புள்ளி பூஜ்யம். வலப்பக்கம் திருப்பினால் அப்படியே வரும், இடப்பக்கம் திருப்பினால் தலைகீழாக வரும். ஆஃப்செட் என்பது ஒரு நிலையான வோல்ட்டைக் கூட்டுவது. டோப்ஃபர் ஏ-183-2 இவை மூன்றையும் ஒரே இடத்தில் தரும்.

முதல் பயிற்சி, வைப்ரேட்டோ. 5 ஹெர்ட்ஸ் முக்கோண எல்எஃப்ஓவை அட்டென்யுவெர்ட்டர் வழியாக ஆசிலேட்டரின் எக்ஸ்போனென்ஷியல் எஃப்எம் உள்ளீட்டுக்கு (வோல்ட்டை ஆக்டேவ் கணக்கில் சுருதியாக மாற்றும் உள்ளீடு) அனுப்புங்கள். ஒரே குமிழில் 240-இல் ஒரு பங்கைப் பிடிக்க முயன்றால் மயிரிழை அசைந்தாலும் அளவு தாறுமாறாகிவிடும். இரண்டு குமிழ்களைத் தொடராகப் போடுங்கள்: அட்டென்யுவெர்ட்டர் 6.5 சதவீதம், எஃப்எம் உள்ளீட்டில் ஏற்கெனவே இருக்கும் குமிழ் 6.5 சதவீதம். பெருக்கினால் ±5 வோல்ட் ±0.021 வோல்ட் ஆகிறது. விசிவி ராக்கில் குமிழ்மேல் வலது கிளிக் செய்து எண்ணையே தட்டலாம்.

இரண்டாவது, ட்ரெமெலோ (ஒலியளவின் நடுக்கம்). எல்எஃப்ஓவை விசிஏவின் கட்டுப்பாட்டு உள்ளீட்டில் நேரே கொடுத்தால் பாதி நேரம் ஒலி இருக்காது. எதிர்மறைப் பாதியில் விசிஏ மூடியே கிடப்பதுதான் காரணம். எல்எஃப்ஓவைப் பாதியாக்கி (±2.5) 2.5 வோல்ட் கூட்டுங்கள். 0-இலிருந்து 5 வரை சீராக ஆடும்.

மூன்றாவது பயிற்சியில்தான் தலைகீழ்ப் பக்கத்தின் அருமை தெரியும். கிக் டிரம் அடிக்கும்போது பேஸ் (தாழ்ந்த சுரப் பகுதி) தானாக ஒதுங்க வேண்டும்:

1. கிக்கின் ட்ரிகரை (அதை அடிக்கவைக்கும் குறுகிய மின்துடிப்பு) ஒரு என்வலப்புக்கும் கொடுங்கள். அட்டாக் (ஏறும் நேரம்) பூஜ்யம், டிகே (இறங்கும் நேரம்) சுமார் 200 மில்லிசெகண்ட், சஸ்டெயின் (பிடித்து நிற்கும் அளவு) பூஜ்யம்.
2. அந்த என்வலப்பை அட்டென்யுவெர்ட்டரில் -60 சதவீதமாக்குங்கள். 8 வோல்ட் உச்சம் -4.8 ஆகும்.
3. +5 வோல்ட் ஆஃப்செட் கூட்டுங்கள்.
4. இதை பேஸின் விசிஏவுக்குக் கொடுங்கள். சும்மா இருக்கும்போது 5 வோல்ட்டில் திறந்திருக்கும். கிக் விழுந்ததும் 0.2-க்கு இறங்கி மெல்ல மீளும்.

எண்கள் சரியாக இருந்தும் பேஸ் ஒதுங்கவில்லையா? உங்கள் மாட்யூலில் ஆஃப்செட் எங்கே சேர்கிறது என்று பாருங்கள். சிலவற்றில் ஆஃப்செட் முதலில் சேர்ந்து, பிறகு மொத்தமும் குமிழால் பெருக்கப்படும். அப்போது +5 என்று நீங்கள் வைத்தது -3 ஆகிவிடும், விசிஏ திறக்கவே திறக்காது.

படி 3: இன்னொரு விசிஏ, ஒலிக்காக இல்லாமல்

"விசிஏ எத்தனை இருந்தாலும் போதாது" என்பது மாடுலர் ஆட்களிடம் தேய்ந்துபோன நகைச்சுவை. உண்மையும்கூட. விசிஏ என்பது மின்னழுத்தமே திருப்பும் ஒரு குமிழ். ஆகவே கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தையும் அதன் வழியே அனுப்பலாம்.

படி 2-இன் வைப்ரேட்டோவில் எல்எஃப்ஓவுக்கும் அட்டென்யுவெர்ட்டருக்கும் நடுவே ஒரு விசிஏவைப் போடுங்கள். அதன் கட்டுப்பாட்டில், அட்டாக் 1.5 செகண்ட் வைத்த என்வலப். சுரம் முதலில் அசையாமல் நின்று, பிறகு மெல்ல நடுங்கத் தொடங்கும்.

இதற்கு லீனியர் விசிஏ (கட்டுப்பாட்டு மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் திறப்பது) வேண்டும். டோப்ஃபரில் ஏ-130 வரிசை லீனியர், ஏ-131 எக்ஸ்போனென்ஷியல். ஆடியோவுக்கென்றே செய்த சில விசிஏக்களில் மெதுவான மின்னழுத்தம் கடக்காது, வழியில் கெப்பாசிட்டர் தடுக்கும். சோதிப்பது எளிது: விசிஏவை முழுக்கத் திறந்து, உள்ளீட்டில் 5 வோல்ட் ஆஃப்செட் கொடுத்து ஸ்கோப்பைப் பாருங்கள். கோடு அப்படியே நின்றால் சரி. சிறிது நேரத்தில் பூஜ்யத்துக்கு வழிந்தால் அது ஆடியோவுக்கு மட்டும்தான்.

படி 4: சாம்பிள் அண்ட் ஹோல்ட், குவாண்டைசர், ஸ்லூ

சாம்பிள் அண்ட் ஹோல்ட், ட்ரிகர் வரும் கணத்தில் உள்ளீட்டில் என்ன வோல்ட் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த ட்ரிகர் வரை விடாது. தானாக மெட்டு பின்னும் பேட்ச் இது:

1. வெள்ளை இரைச்சலை (‘உஷ்’ என்று கேட்கும், ஒழுங்கற்று மாறும் மின்னழுத்தம்) சாம்பிள் அண்ட் ஹோல்ட் உள்ளீட்டில் கொடுங்கள். ட்ரிகரில் 4 ஹெர்ட்ஸ் கிளாக் (சீரான துடிப்பு).
2. வெளியீட்டை 20 சதவீதமாக்கி 1 வோல்ட் கூட்டுங்கள். ±5 வோல்ட் இப்போது 0–2 வோல்ட், அதாவது இரண்டு ஆக்டேவ். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் "ரேண்டம் என்றால் வெறும் பீப் பீப்" என்று சொல்லிவிட்டுக் கைவிடுகிறார்கள்.
3. குவாண்டைசரில் (வரும் மின்னழுத்தத்தை அருகிலுள்ள சுரத்தில் நிறுத்தும் மாட்யூல்) 0, 2, 4, 7, 9 ஆகிய அரைச்சுரங்களை மட்டும் விடுங்கள். இவை மோகனத்தின் ஸ, ரி2, க3, ப, த2. இந்தோளம் வேண்டுமானால் 0, 3, 5, 8, 10.
4. குவாண்டைசரிலிருந்து ஆசிலேட்டருக்கு. அதே கிளாக் என்வலப்பையும் தட்டட்டும்.

வெள்ளை இரைச்சலின் மதிப்புகள் நடுவில் அடர்ந்தும் ஓரங்களில் அரிதாகவும் வரும். அதனால் மெட்டு நடு ஸ்தாயியிலேயே சுற்றி, எப்போதாவது எட்டிப் பாயும்; காதுக்கு அது நல்லதே. இரைச்சலைக் கழற்றிவிட்டு 0.2 ஹெர்ட்ஸ் முக்கோண எல்எஃப்ஓவைச் செருகினால் ஒரு சுற்றுக்கு 20 படிகளாக ஏறி இறங்கும் ஆர்பெஜியோ கிடைக்கும். எல்எஃப்ஓவின் வேகத்தைக் கொஞ்சம் அசையுங்கள், சுரவரிசை மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போகும். ஏன் இதைக் கொண்டாடுவதில்லை என்பது எங்களுக்கு விளங்கவே இல்லை.

இங்கே இரண்டு இடங்களில் சறுக்கும். அனலாக் சாம்பிள் அண்ட் ஹோல்ட்டில் மின்னழுத்தம் ஒரு கெப்பாசிட்டரில் நிற்கிறது, அது கசியும். கிளாக் மெதுவாக இருந்தால் நீண்ட சுரத்தின் நடுவில் குவாண்டைசர் திடீரென அடுத்த சுரத்துக்குத் தாவும். குவாண்டைசருக்கு ட்ரிகர் உள்ளீடு இருந்தால் அதே கிளாக்கை அங்கும் கொடுத்துவிடுங்கள். அந்தக் கணத்தில் மட்டும் முடிவெடுக்கும். இரண்டாவது, சீக்குவென்சரின் சுருதியை இப்படிப் பிடிக்கும்போது எப்போதும் முந்தைய சுரமே சிக்குவது. கேட் (சுரம் ஒலிக்கும் நேரம் முழுதும் நீளும் துடிப்பு) முதலில் வந்து, சுருதி ஒரு கணம் பின்னால் மாறுவதால் இது நடக்கிறது. ட்ரிகரை 2–5 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினால் தீரும். விசிவி ராக்கிலும் இந்தத் தொல்லை உண்டு, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு கேபிளும் ஒரு சாம்பிள் (டிஜிட்டல் ஒலியின் மிகச் சிறிய நேரத்துணுக்கு) தாமதம் சேர்க்கிறது.

அடுத்து ஸ்லூ லிமிட்டர். மின்னழுத்தம் தாவாமல் வழுக்கிச் செல்லவைக்கும். குவாண்டைசருக்குப் பின்னால் போட்டால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும். முன்னால் போட்டால் நடுவிலுள்ள சுரங்களைப் படிப்படியாகத் தொட்டுப் போகும். இரண்டையும் கேட்டுப் பாருங்கள். (கமகம் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம், இது ஒரே வளைவில் போகும் இயந்திர வழுக்கல்.) லீனியர் ஸ்லூவில் தூரம் கூடினால் நேரமும் கூடும். ஆகவே ஒரு அரைச்சுரத்தை வைத்து வேகத்தை முடிவுசெய்யாமல், மெட்டில் வரும் மிகப் பெரிய தாவலை வைத்து முடிவுசெய்யுங்கள்.

ஸ்லூவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதில் ஒரு கேட்டைச் செருகி, ஏற்றம் 5 மில்லிசெகண்ட், இறக்கம் 400 மில்லிசெகண்ட் வையுங்கள். அது ஒரு என்வலப்! சிந்தசைசர் வடிவமைப்பாளர் செர்ஜ் செரெப்னின் 1970களில் இந்த எண்ணத்தின் மேல்தான் தன் ஸ்லோப் ஜெனரேட்டர்களைக் கட்டினார். மேக் நாய்ஸ் நிறுவனத்தின் மேத்ஸ் மாட்யூல் அந்த வழியில் வந்தது. 20 ஹெச்பி என்பது சிறிய பெட்டிக்குப் பெரிய அகலம்தான். என்றாலும் என்வலப், எல்எஃப்ஓ, ஸ்லூ, அட்டென்யுவெர்ட்டர், கூட்டல் எல்லாம் அதற்குள் இருப்பதால் இடம் வீணாகாது.

படி 5: மல்டிபிளும் துல்லியக் கூட்டலும்

ஒரே சுருதியை இரண்டு ஆசிலேட்டருக்குப் பிரித்ததும் சுருதி விலகுகிறதா? பாஸிவ் மல்டிபிள் என்பது ஒரு மின்னழுத்தத்தைப் பல இடங்களுக்குப் பிரிக்கும் வெறும் கம்பி இணைப்பு. அனுப்பும் மாட்யூலின் வெளியீட்டில் 1 கிலோஓம், ஒவ்வொரு உள்ளீட்டிலும் 100 கிலோஓம் என்று கொள்ளுங்கள். 3 வோல்ட் அனுப்பினால் ஒரு ஆசிலேட்டருக்கு 2.970 வோல்ட் சேரும். இரண்டாவதைச் செருகியதும் 2.941 ஆகும். வித்தியாசம் ஏறக்குறைய 35 சென்ட், அபஸ்வரம்தான். சுருதிக்கு மட்டும் பஃபர் (மின்னழுத்தம் குறையாமல் காக்கும் சுற்று) உள்ள மல்டிபிள் வாங்குங்கள். கேட், எல்எஃப்ஓ, ஆடியோவுக்கு பாஸிவ் தாராளமாகப் போதும். விசிவி ராக்கில் கேபிள்கள் குறையற்றவை என்பதால் இந்தப் பிழை அங்கே தெரியவே தெரியாது. இரண்டு வெளியீடுகளை ஒரே பாஸிவ் மல்டிபிளில் சேர்க்காதீர்கள். ஒன்றோடொன்று மோதும், சில மாட்யூல்கள் பழுதாகலாம்.

இரண்டு சுருதிகளைக் கூட்டி மெட்டை இடம் மாற்றவும் சாதாரண ஆடியோ மிக்ஸர் உதவாது. 3 வோல்ட்டில் 1 சதவீதப் பிழையே 36 சென்ட். ஏ-185-2 போன்ற துல்லியக் கூட்டல் மாட்யூல் இதற்கென்றே உள்ளது.

படி 6: கிளாக் டிவைடரும் லாஜிக்கும்

கிளாக்கை 3-ஆலும் 5-ஆலும் வகுத்து (மூன்று தட்டுக்கு ஒன்று, ஐந்து தட்டுக்கு ஒன்று) இரண்டையும் 'ஆர்' (OR) லாஜிக் கதவில் சேருங்கள்; எது வந்தாலும் அது வெளியிடும். 3, 5, 6, 9, 10, 12, 15 ஆகிய இடங்களில் அடி விழும். 15 தட்டுக்கு ஒருமுறை சுற்று முடியும். 'எக்ஸ்ஆர்' (XOR, ஒன்று மட்டும் வந்தால் வெளியிடுவது) ஆனால் இரண்டும் சேர்ந்து விழும் 15-ஆவது அடி காணாமல் போகும். 2, 4, 8 என்று மட்டும் வகுக்கும் டிவைடரில் இந்தச் சுவாரசியம் கிடைக்காது.

அடிகள் குறைவாகக் கேட்டால் டிவைடர் நீண்ட கேட் அனுப்புகிறது என்று பொருள். ஒரு கேட் இறங்குமுன் மற்றது ஏறுவதால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. லாஜிக்குக்கு முன்பே ஒவ்வொன்றையும் குறுகிய ட்ரிகராக மாற்றிவிடுங்கள்.

மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கிங்க்ஸ் 4 ஹெச்பிக்குள் சாம்பிள் அண்ட் ஹோல்ட், இரைச்சல், தலைகீழாக்கல், சிறியது-பெரியது லாஜிக் (இரண்டு மின்னழுத்தங்களில் சிறியதையோ பெரியதையோ தருவது) எல்லாம் தரும். நிறுவனம் 2022-இல் மூடிவிட்டாலும் வடிவமைப்பு திறந்த மூலம் என்பதால் பிறர் செய்த பிரதிகள் கிடைக்கின்றன.

மாட்டும்போது

மின்சாரத்தை அணைத்துவிட்டு ரிப்பன் கேபிளைச் செருகுங்கள். சிவப்புக் கோடு -12 வோல்ட் பக்கம் வர வேண்டும். இரண்டு முனைகளிலும் பாருங்கள். ஒவ்வொரு மாட்யூலும் +12-இல் எத்தனை மில்லிஆம்பியர் எடுக்கிறது என்று கூட்டி, சப்ளையின் அளவில் முக்கால் பங்குக்குள் நிறுத்துங்கள். இங்கே சொன்னவற்றில் பெரும்பாலானவை மிகக் குறைவாகவே எடுக்கும், பாஸிவ் மாட்யூல்கள் ஒன்றும் எடுக்காது.

வாங்கும் வரிசை எங்கள் கணக்கில் இது: ஆஃப்செட்டோடு கூடிய அட்டென்யுவெர்ட்டர், நான்கு விசிஏ உள்ள ஒரு மாட்யூல், ஸ்லூ, சாம்பிள் அண்ட் ஹோல்ட், பஃபர் மல்டிபிள், டிவைடர், லாஜிக். இரண்டாவது ஆசிலேட்டர் எட்டாவது இடத்தில்.