திருகாணியைத் தொடுவதற்கு முன்: சுழல்வேக அளவுத்திருத்தத்தில் நேரும் தவறுகள்

ஆய்வுக்கூடக் கலக்கியின் திரை நிமிடத்துக்கு 1500 சுற்று என்கிறது. சுழல்வேகத்தை அளக்கும் டாக்கோமீட்டர் 1460 என்கிறது. உடனே கை வேகத்தைச் சரிசெய்யும் திருகாணியைத் தேடிப் போகிறது. சிங்கப்பூரின் ஜூரோங்கிலும் துவாஸிலும் உள்ள ஆய்வுக்கூடங்களில் பழகிய எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. திருகுவதற்கு முன்பு கருவி எவ்வளவு பிசகியிருந்தது என்பதை எழுதிவைக்காவிட்டால், அதில் ஏற்கெனவே செய்து முடித்த சோதனைகளை நம்பலாமா என்று யாராலும் சொல்ல முடியாது. விவரமறிந்த தணிக்கையாளர் அந்த எண்ணைத்தான் கேட்பார்.

அதற்கும் முன்னால் ஒரு சந்தேகம் வரவேண்டும்: அந்த 1460 உண்மைதானா? என் கணிப்பில், பிழை மோட்டாரில் இருப்பதைவிட அளந்த முறையில்தான் அதிகம் இருக்கிறது.

முதல் குற்றவாளி கூரை விளக்கு. சிங்கப்பூரின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக்கு வைத்த குழல்விளக்கும் சில மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை, அதாவது நிமிடத்துக்கு 6000 முறை துடிக்கின்றன. தண்டில் பட்டுத் திரும்பும் ஒளியை எண்ணும் ஒளிவழி டாக்கோமீட்டர் இந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டால், வேகத்தை எப்படி மாற்றினாலும் 6000 என்றே அடம்பிடிக்கும். மோட்டாரை நிறுத்திப் பாருங்கள்; அப்போதும் எண் வந்தால் நீங்கள் அளப்பது விளக்கை. (அமெரிக்கக் கையேடுகளில் இதே எண் 7200 என்று இருக்கும், அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்.) இதே துடிப்பு கண்ணையும் ஏமாற்றும். நான்கு இதழ் கொண்ட கலக்கி 1500 சுற்றில் ஓடும்போது, அந்த வெளிச்சத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியலாம். கையை நீட்டிவிடாதீர்கள்.

விட்டுவிட்டு மின்னும் ஒளியால் வேகத்தை அளக்கும் ஸ்ட்ரோபோஸ்கோப்பிலும் இந்த மாயம் உண்டு. உண்மையான வேகத்தில் பாதியிலும் மூன்றில் ஒரு பங்கிலும் மின்னினால்கூடப் படம் உறைந்து நிற்கும். தண்டில் ஒரே ஒரு குறி இட்டு, விளக்கு மின்னும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். குறி ஒன்றாகவே தெரியும் கடைசி வேகம்தான் சரியானது. அதன் இருமடங்கில் எதிரெதிராக இரண்டு குறிகள் தெரியும். குறி இடாமல் நான்கு இதழ்களை நம்பினால் கணக்கு நான்கு மடங்கு வரை பிசகும். ஒளிவழி டாக்கோமீட்டருக்காகப் பளபளக்கும் எஃகுத் தண்டில் ஒளியைத் திருப்பும் நாடா ஒட்டுபவர்கள், முதலில் கறுப்பு நாடாவைச் சுற்றிவிட்டு அதன்மேல் ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் தண்டின் மினுமினுப்பும் ஒரு சுற்றாக எண்ணப்படும்.

குறைந்த வேகத்தில் தொல்லை வேறு. மாத்திரை கரையும் வேகத்தைப் பார்க்கும் சோதனையில் 50 சுற்று என்றால், அமெரிக்க மருந்துநூல் அனுமதிப்பது 4 விழுக்காடு, அதாவது 48 முதல் 52 வரை. சுற்றுக்கு ஒரு துடிப்பு வீதம் ஒரு நொடி மட்டும் எண்ணும் கருவி இங்கே 0 அல்லது 60 என்றுதான் காட்டும். நிறுத்துகடிகாரத்தோடு சில நிமிடங்கள் சுற்றுகளை எண்ணுவதே மேல். தண்டின் நுனியில் அழுத்தி அளக்கும் டாக்கோமீட்டரும் சிறிய மோட்டாருக்கு ஆகாது. அளக்கும்போதே அதன் வேகம் குறைந்துவிடும்.

வெறும் பாத்திரத்தில் அளப்பதும் பயனற்றது. கிளிசரினைக் கலக்கப்போகும் கலக்கியை கிளிசரினில்தான் அளக்கவேண்டும். காந்தக் கலக்கியில் கீழே மோட்டார் ஒழுங்காக ஓடும். மேலே காந்தத் துண்டு பிடி நழுவித் துள்ளிக்கொண்டிருக்கும்.

மையவிலக்கியில் சிறு பிழையும் பெரிதாகும், ஏனென்றால் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 சென்டிமீட்டர் ஆரத்தில் 3000 சுற்று புவியீர்ப்பைப்போல ஏறத்தாழ 1006 மடங்கு (1006 ஜி) விசை தரும்; 3150 சுற்று 1109 தரும். வேகத்தில் 5 விழுக்காடு பிசகினால் விசை 10 விழுக்காடு பிசகிவிடுகிறது. அளவை மூடியிலுள்ள கண்ணாடித் துளை வழியாக எடுங்கள். மூடிப் பூட்டை ஏமாற்றி, திறந்தபடி ஓட்டுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

ஒரே வேகத்தில் பார்த்துவிட்டுச் சான்று எழுதாதீர்கள். நீங்கள் பயன்படுத்தும் வரம்பின் அடி, நடு, உச்சி மூன்றிலும் பாருங்கள். டாக்கோமீட்டரின் சொந்தச் சான்றிதழ் காலாவதியாகவில்லையா என்பதையும், அதை வழங்கிய கூடம் ஐஎஸ்ஓ 17025 என்ற, சோதனை, அளவுத்திருத்தக் கூடங்களுக்கான சர்வதேசத் தரத்தின்படி அங்கீகாரம் பெற்றதா என்பதையும் பாருங்கள். அந்தச் சான்றிதழில் 3000 சுற்றுக்கு 4 கூட்டவேண்டும் என்று இருந்தால், பதிவேட்டில் எழுதும்போது கூட்டியே எழுதவேண்டும். பலர் அதைக் கோப்பில் வைப்பதோடு சரி.