மரத்துப்போன விரல்களோடு ஒரு ஆர்.எக்ஸ். 100-ஐ ஓட வைத்த முறை

ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்காக, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை வீதம் 12 முறை கீமோதெரபி மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிய நான்காவது வாரத்தில், 1994-இல் தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். அது ஆறு ஆண்டுகளாக ஒரு மாட்டுக்கொட்டகையில் நின்றிருந்த வண்டி. அதை ஓட வைக்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. உடல் நலமுள்ள ஒருவர் மூன்று வார இறுதிகளில் முடித்துவிடுவார். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த, ஆனால் எஞ்சினைத் திறந்து பார்த்திராத ஒருவருக்காகவும், குறிப்பாக என்னைப்போல் சிகிச்சையிலிருந்து மீண்டுகொண்டிருக்கும் ஒருவருக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஆர்.எக்ஸ். 100-ஐத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் புகழ் அன்று. 98 சி.சி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கேம், கேம் இயக்கும் வால்வுகள், டைமிங் செயின் எதுவும் கிடையாது. வண்டியும் நூறு கிலோவை ஒட்டிய எடைதான் என்பதால் ஒருவரே நடுஸ்டாண்டில் ஏற்றிவிடலாம். 1985 முதல் 1996 வரை தயாரிக்கப்பட்ட வண்டியாக இருந்தும், சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் இதற்கு உதிரிபாகம் கிடைக்காமல் நான் திரும்பியதில்லை.

வேலைக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

எனக்கு ஏற்றிய நான்கு மருந்துகளில் ப்ளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கக் கூடியது. வின்பிளாஸ்டின் நரம்பு முனைகளைப் பாதித்து விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யக் கூடியது. முதலாவது, பெயிண்ட் தெளிப்பதையும் தின்னர் வாசனையையும் என்னிடமிருந்து விலக்கியது. இரண்டாவது, கீழே நான் விவரிக்கப்போகும் எல்லாத் தொல்லைகளுக்கும் மூலமாயிற்று. ஆகவே "வண்டி வேலை செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்காமல், "பெட்ரோல் ஆவி படலாமா, துருப்பிடித்த தகடு கீறினால் என்ன செய்வது, எத்தனை கிலோ வரை தூக்கலாம்?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் இயல்பு நிலைக்கு வந்ததை ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்ட பிறகே மாட்டுக்கொட்டகை அழுக்கில் கைவைக்க எனக்கு அனுமதி கிடைத்தது. உங்கள் மருந்தும் உங்கள் உடலும் வேறு. உங்கள் மருத்துவர் சொல்வதே உங்களுக்குப் பொருந்தும்.

கையுறை நைட்ரைல் வகையாக இருக்கட்டும். லேடெக்ஸ் பெட்ரோல் பட்டால் ஊதிப்போகும்.

வாங்கும்போது

ஸ்டியரிங் கழுத்தில் பொறித்துள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பின்னாளில் வந்த ஆர்.எக்ஸ். 135-இன் எஞ்சினை மாற்றிப் பொருத்திய ஆர்.எக்ஸ். 100 வண்டிகள் சந்தையில் உண்டு, ஆர்.சி.யில் அந்த மாற்றம் ஏறாதிருந்தால் பெயர் மாற்றத்தின்போது நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும். 15 ஆண்டுகள் கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25, பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30 ஆகியவை தேவை. கிக்கரை மிதித்தால் பிஸ்டன் அசைகிறதா என்று பாருங்கள்; இறுகியிருந்தால் சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து சீராக்கும் (போர் செய்யும்) செலவைச் சேர்த்து விலை பேசுங்கள்.

கருவிகள்

8, 10, 12, 14 அளவுகளில் டி-ஸ்பேனர், நல்ல கட்டிங் பிளேயர், மேக்னெட் சக்கரத்தை உருவி எடுக்கும் புல்லர், அதைச் சுழலாமல் பிடிக்கும் ஹோல்டர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஆகியவை போதும். நான் டபாரியா நிறுவனக் கருவிகளை வாங்கினேன்; நூறு கருவிகள் அடங்கிய பெட்டி என்று மலிவாக விற்கப்படுவதை வாங்கியவர்கள் முதல் நாளே நட்டின் முனைகளை உருட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பழைய ஜப்பானிய வடிவமைப்பு எஞ்சின்களின் பக்கக் கவர்களில் உள்ள ஸ்க்ரூக்களின் தலைக்குழி, நாம் வழக்கமாக வாங்கும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. முனை வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று இருந்தால் இந்தத் துன்பம் இல்லை. பிடியில் வலுவிழந்தவருக்கு இது கட்டாயம் வேண்டும். கழற்றிய ஸ்க்ரூக்களுக்குப் பதிலாக ஆலன் போல்ட்டுகளைப் போட்டுவிட்டேன்.

விரல் நுனி மரத்திருப்பவர்கள் கூடுதலாக வாங்க வேண்டியவை மூன்று: காந்தம் பதித்த தட்டு, தலையில் மாட்டும் விளக்கு, வெள்ளைத் துணி. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள ஒரு சிறிய ஜெட்டைக் கையில் வைத்திருக்கிறோமா, கீழே போட்டுவிட்டோமா என்பதை விரல் சொல்லாது; கண்தான் சொல்ல வேண்டும். தரையில் வெள்ளைத் துணி விரித்த பிறகுதான் தேடுதல் வேட்டைகள் குறைந்தன. பித்தளை ஜெட் காந்தத்தில் ஒட்டாது என்பதால் தட்டு மட்டும் போதாது.

டேங்க்

உள்ளே துரு உதிர்ந்திருந்தால் மளிகைக்கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை லிட்டருக்கு நூறு கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து ஊற்றி, ஓர் இரவு விடுங்கள். பெட்ரோலைத் திறந்து மூடும் ‘காக்’ என்னும் திருகைக் கழற்றி அந்த இடத்தை முதலில் அடைத்துவிட வேண்டும். மறுநாள் கொட்டிவிட்டு, ஆப்பச் சோடா கலந்த நீரால் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உடனே சிறிது டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றிச் சுழற்றுங்கள். இல்லாவிட்டால் மாலைக்குள் புதுத்துரு பூக்கும். டேங்க் நிறையத் தண்ணீர் என்றால் பத்துக் கிலோவுக்கு மேல். ஐந்து கிலோ வரம்பு விதிக்கப்பட்டிருந்த நான் அதை மேசை மேல் வைத்து, குழாய் வழியே நிரப்பி, குழாய் வழியே உறிஞ்சி இறக்கினேன்.

பிரேக்

பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதுவதும் காற்றடிப்பதும் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டி எறியுங்கள். நுரையீரல் பாதிக்கப்படாதவருக்கும் இது பொருந்தும். ஷூ இரண்டும் புதிதாக மாற்றுங்கள், கேபிள்களையும் மாற்றுங்கள். இதற்கு மேல் இங்கே எழுத ஒன்றுமில்லை.

கார்புரேட்டரும் என் இரண்டு மாதங்களும்

மிக்குனி கார்புரேட்டரைக் கழற்றி, கிண்ணத்தைத் திறந்து, ஜெட்டுகளை எடுத்து, துளைகளை ஒளியில் பிடித்துப் பாருங்கள். அடைப்பை நீக்க மின்கம்பியிலிருந்து உரித்த ஒற்றைச் செம்பு இழையைப் பயன்படுத்துங்கள். எஃகு ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், முழுவதும் உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வகையில் அதை உள்ளே திருகினால் கலவையில் பெட்ரோல் விகிதம் கூடும், வெளியே திருகினால் குறையும்.

இவ்வளவையும் செய்து, அண்ணன் மகன் கிக்கரை மிதிக்க, வண்டி ஏழாவது மிதியில் உயிர் பெற்றது. இரண்டு நிமிடங்களில் எஞ்சின் சூடானதும், ஆக்சிலேட்டரைத் தொடாமலே ரேஸ் ஏறிக்கொண்டே போயிற்று. சாவியைத் திருப்பி நிறுத்தினேன். நிறுத்துவதற்கு நீங்களும் தயங்கக் கூடாது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உயவும் குறையும், வெப்பமும் ஏறும், பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்.

மரத்த விரல்களால் ஜெட்டைச் சரியாக இறுக்கவில்லை என்று முடிவு கட்டி, கார்புரேட்டரை மூன்று முறை கழற்றினேன். ஒவ்வொரு முறைக்கும் இரண்டு நாள் உழைப்பும் மூன்று நாள் படுக்கையும் ஆயின. ஆனால் பிழை அங்கே இல்லை. அதைக் கண்டறியும் வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

ரேஸ் ஏறும்போது சோக்கை இழுத்துப் பாருங்கள். ரேஸ் இறங்கினால் எங்கிருந்தோ கூடுதல் காற்று எஞ்சினுக்குள் புகுகிறது என்று பொருள். முதல் சந்தேகம் கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழாயின் மீது விழ வேண்டும்; அதை மடக்கி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது நன்றாக இருந்தால், இடப்பக்க மேக்னெட் கவரைக் கழற்றுங்கள். உள்ளே உலர்ந்திருக்க வேண்டிய இடம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையம், அதாவது கிராங்க் ஆயில் சீல், போய்விட்டது. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறை வழியாகவே சிலிண்டருக்குப் போகின்றன. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியின் சீல் ரப்பர் விறைத்து, கிராங்க் தண்டோடு ஒட்டாமல் விலகியதும் அந்த வழியே காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. சூடேறியதும் இடைவெளி கூடுவதால்தான் குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடிய எஞ்சின் பிறகு மிரளுகிறது.

மாற்றும் முறை இது. ஹோல்டரால் ரோட்டரை, அதாவது காந்தம் பதித்த மேக்னெட் சக்கரத்தை, பிடித்து நட்டைக் கழற்றுங்கள். பிளக் துளை வழியே கயிறு விட்டு பிஸ்டனை நிறுத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் கயிறு போர்ட்டுக்குள் சிக்கிக்கொள்ள வாய்ப்பிருப்பதால் அது வேண்டாம். பிறகு புல்லரைப் போட்டு ரோட்டரை எடுங்கள். சுத்தியலால் தட்டி எடுத்தால் காந்தம் உதிரும், கிராங்கும் கோணும். தண்டில் அரைநிலா வடிவில் ஒரு சிறு கீ இருக்கும். அது ரோட்டரின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும், நான் அதைத் தரையெங்கும் தேடினேன். ரோட்டருக்குப் பின்னால் கம்பிச்சுருள்கள் பொருத்திய ஸ்டேட்டர் தட்டின் இருக்கையைக் குறியிட்டுவிட்டு அதையும் கழற்றினால் சீல் தெரியும். சீலின் முகத்தில் ஒரு சிறு ஸ்க்ரூவைத் திருகி, அதைப் பிளேயரால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். தண்டின் மேற்பரப்பில் கீறல் விழக்கூடாது.

புதிய சீலை நான் முதல் முறை உலர்ந்த நிலையில் வைத்து, ஸ்க்ரூடிரைவரால் சுற்றிலும் தட்டினேன். உள் உதடு மடங்கியதை என் விரல் உணரவில்லை. எல்லாவற்றையும் பூட்டி ஓட்டியதும் பழைய கதையே. இரண்டாம் முறை, உதட்டில் கிரீஸ் தடவி, தண்டின் கூர்விளிம்பை ஒரு துண்டுப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி மறைத்து, அதன்மேல் சீலை வழுக்கி இறக்கிவிட்டுத் தாளை உருவினேன். பிறகு சீலின் வெளிவிட்டத்துக்குச் சமமான குழாய்த் துண்டை வைத்து நேராக அழுத்தினேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்து உதட்டைச் சுற்றிலும் கண்ணால் பார்த்த பிறகே ரோட்டரைப் பூட்டினேன். அன்று எஞ்சின் தணிந்த குரலில் நின்று ஓடியது.

ஆயில்

எஞ்சினுக்கு ஆயிலைத் தானாக அளந்து அனுப்பும் ஆட்டோலூப் பம்ப்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுவதே நல்லது என்று பல மெக்கானிக்குகள் சொல்வார்கள். நான் பம்ப்பை வைத்துக்கொண்டேன். கீமோவுக்குப் பிந்தைய மறதி உள்ளவனுக்கு ஆயில் அளக்கும் பொறுப்பு வேண்டாம். ஆனால் குழாயைக் கழற்றி மாட்டியிருந்தால் உள்ளே காற்றுக் குமிழ் இருக்கும். பம்ப்பின் காற்றகற்றும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழின்றி ஆயில் வழியும்வரை விட்டு இறுக்குங்கள். முதல் டேங்குக்கு மட்டும் காப்பாக லிட்டருக்கு 25 மி.லி., அதாவது 40-க்கு 1 என்ற விகிதத்தில் கலந்தும் ஊற்றினேன். புகை அதிகம் வரும், போகப்போகக் குறையும். அந்த நாட்களில் கிக்கர் பக்கம் நான் போகவில்லை.

உடலுக்கேற்ற மாற்றங்கள்

மாற்றியமைப்பது என்றதும் சைலன்சரைத் தூக்கிவிட்டுச் சத்தம் போடும் குழாயைப் பொருத்துவது என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறான மாற்றங்களை அனுமதிப்பதில்லை. நான் செய்தவை சிறியவை. மரத்த கைகளுக்குப் பருமனான கிரிப் போட்டேன். புதிய கிளட்ச் கேபிளில் எண்ணெய் இறக்கி, வளைவு நெருக்கமில்லாமல் வழி மாற்றிக் கட்டினேன். லீவரை இழுக்கும் வலு பாதியாகக் குறைந்ததுபோல் இருந்தது. இருக்கையின் உள் பஞ்சை அடர்த்தியானதாக மாற்றித் தைக்கக் கொடுத்தேன்.

பெயிண்டை நானே தெளிக்கவில்லை. இரண்டு கலவை பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டின் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு. சாதாரணத் துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, 220, 400, 800 என்று தேய்ப்பதோடு என் பங்கை நிறுத்திக்கொண்டேன். நனைத்துத் தேய்த்தால் தூசு பறக்காது. நிறத்தை மாற்றாமல் ஆர்.சி.யில் உள்ள அதே கறுப்பை அடிக்கச் சொன்னேன்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு வண்டியைச் சரிசெய்த ஒருவர், இடப்பக்கச் சீலை மாற்றிய பின்னும் வெண்புகை தீரவில்லை என்றும், கியர் ஆயில் மட்டம் மாதந்தோறும் குறைகிறது என்றும் எழுதியிருந்தார். அது வலப்பக்க, அதாவது கிளட்ச் பக்கச் சீலின் வேலை; அது போனால் கியர் ஆயிலைக் கிராங்க் அறை உறிஞ்சி எரித்துவிடும். என் வண்டியில் அந்தச் சீலை நான் தொடவில்லை, மெக்கானிக்கிடம் விட்டேன். எஞ்சினை இறக்கித் தூக்கும் எடை என் வரம்பைத் தாண்டியது. இன்னொருவர், கிக்கரை மிதிக்கும் வலு காலில் இல்லாதபோது என்ன செய்வது என்று கேட்டிருந்தார். இரண்டாம் கியரில் யாரையாவது தள்ளச் சொல்லி, கிளட்சை விட்டு எழுப்பலாம். முதல் இரண்டு மாதங்கள் என் வண்டி தெருவில் அப்படித்தான் எழுந்தது.