கூலன்ட் மாற்றும்போது ஏர் லாக் ஆகாமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கூலன்ட்டை இறக்கு, புதுசை ஊற்று, மூடியைப் போடு, அவ்வளவுதானே என்று ஆரம்பிக்கிற வேலை இது. இறக்குவதில் பெரிய சிக்கல் இல்லை, ஊற்றுவதில்தான் எல்லாம் கெடுகிறது. சிலிண்டர் ஹெட்டின் மேல்பகுதி, தெர்மோஸ்டாட்டின் (சூடானதும் திறக்கும் வால்வு) பின்பக்கம், டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குச் சூடு தரும் குட்டி ரேடியேட்டர்), மேலே ஏறி இறங்கும் ஹோஸ் வளைவுகள் என்று காற்று போய் உட்கார்ந்துகொள்ள இன்ஜினில் நிறைய இடம் இருக்கிறது. ரேடியேட்டர் வாய்வரை நிரம்பியிருக்கும், உள்ளே ஹெட் பக்கம் காலியாக இருக்கும். இப்படிக் காற்று மாட்டிக்கொள்வதுதான் ஏர் லாக்.

இதில் எல்லோரும் சர்வசாதாரணமாக விடும் தவறு, வெளியே வந்தது எவ்வளவு என்று அளக்காமல் விடுவது. பழைய கூலன்ட்டை ஒரு பாத்திரத்தில் பிடித்து அளந்து வையுங்கள். 5 லிட்டர் வெளியே வந்திருக்கிறது, 3.5 லிட்டரிலேயே "நிரம்பிவிட்டது" என்றால், மீதி ஒன்றரை லிட்டர் இடத்தில் இருப்பது காற்று, வேறொன்றும் இல்லை. முன்பே லீக் ஆகி அளவு குறைந்திருந்த வண்டி என்றால் இந்தக் கணக்கு சரிவராது, அப்போது வண்டியின் கையேட்டில் இருக்கும் மொத்தக் கொள்ளளவைப் பாருங்கள். இறக்கும்போது இன்ஜின் பிளாக்கில் கொஞ்சம் தங்கிவிடும் என்பதால் அந்த அளவு முழுதாகப் போகாது, ஆனால் ஒரு பிடி கிடைக்கும்.

அடுத்தது, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைப் போட்டு முடித்துவிடுவது. தெர்மோஸ்டாட் வண்டிக்கு வண்டி சுமார் 80 முதல் 95 டிகிரிக்குள் திறக்கும். அதுவரை இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பெரிய வழி மூடியே இருக்கிறது, பிளாக்கில் இருக்கும் காற்றுக்கு வெளியே வர வழி கிடையாது. அதனால் ரேடியேட்டரிலேயே மூடி வைத்த வண்டிகளில், குளிர்ந்த நிலையிலேயே மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, ஐடிலிங்கில் விட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்ற வேண்டும். மேல் ஹோஸ் சூடாகிறது என்றால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம், அந்த நேரத்தில் மட்டம் சட்டென்று விழும், அதையும் நிரப்பிவிட்டு மூடியைப் போட்டுவிடுங்கள், பொங்கி வழியும்வரை காத்திருக்க வேண்டாம். அப்புறம் ஃபேன் ஓடி நிற்பதை ஓரிரு முறை பார்த்துவிட்டு ஆஃப் செய்யலாம். ஏசி ஆஃபில் இருக்கட்டும், ஏசி போட்டாலே ஃபேன் ஓடும், அதைப் பார்த்து ஏமாந்துவிடுவோம்.

தெர்மோஸ்டாட்டையே மாற்றுகிறீர்கள் என்றால் அதில் லேசாக ஆடும் ஒரு சின்னப் பின் இருக்கிறதா என்று பாருங்கள். காற்று தப்பிக்கத்தான் அது. பெரும்பாலும் மேல்பக்கம் வருமாறு பொருத்த வேண்டும், தலைகீழாகப் போட்டால் இருந்தும் பயனில்லை.

வேகமாக ஊற்றுவதும் தவறுதான். குறுகிய வாய் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும்போது குபுகுபு என்று பொங்குமே, அதே கதைதான் இங்கேயும்: உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே வழியில் மோதிக்கொள்கின்றன. மெதுவாக ஊற்றுங்கள், இடையிடையே மேல் ஹோஸைக் கையால் அமுக்கி விடுங்கள், குமிழிகள் வரும். மூக்கு மேட்டைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தினால் ஊற்றும் வாய் உயரமாகும், காற்று தானாக அங்கே ஏறி வரும். மூக்கு கீழ்நோக்கி இருக்கும் சரிவில் நின்று இந்த வேலையைச் செய்வது வீண்.

கூலன்ட் மட்டம் தெரியும் பிளாஸ்டிக் டேங்கில் மட்டும் ஊற்றுவது இன்னொரு தவறு. சில வண்டிகளில் அந்தப் பிளாஸ்டிக் டப்பா வெறும் வழிதல் டப்பா, அழுத்தம் தாங்கும் மூடி ரேடியேட்டரில் இருக்கும். அங்கே டப்பாவை நிரப்பினால் ரேடியேட்டர் நிரம்பாது. ரேடியேட்டரில் மூடியே இல்லாமல், டப்பாவில்தான் அழுத்த மூடி இருக்கிறது என்றால் அதில்தான் ஊற்ற வேண்டும். எது உங்கள் வண்டி என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலோ ஹீட்டர் ஹோஸிலோ காற்றை வெளியே விடும் ஏர் ஸ்க்ரூ இருக்கும் வண்டிகள் உண்டு. இருந்தால் அதைத் திறந்து வைத்து ஊற்றி, குமிழி இல்லாமல் சீராகக் கூலன்ட் வழிந்ததும் மூடுங்கள். பல வண்டிகளில் பிளாஸ்டிக் ஸ்க்ரூதான், பலத்தைக் காட்டினால் தலை கையோடு வந்துவிடும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்கவும் மறக்காதீர்கள், ஹீட்டருக்கு வால்வு இருக்கும் வண்டிகளில் அது மூடியிருந்தால் அந்தப் பக்கம் கூலன்ட் போகவே போகாது. மின்சார வாட்டர் பம்ப் உள்ள வண்டிகளுக்கு, இன்ஜினை ஓடவிட்டு ஊற்றும் இந்த வழி பொருந்தாது. சில பிஎம்டபிள்யூ மாடல்களில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, பம்பைத் தனியாகப் பல நிமிடங்கள் ஓடவிடும் முறை இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்குக் கையேட்டில் சொன்னதை மட்டும் செய்யுங்கள்.

டெம்பரேச்சர் முள்ளை நம்பிவிடுவது ஆபத்தான தவறு. சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும். காற்றில் தொங்கிக்கொண்டிருந்தால் ஹெட் கொதித்தாலும் முள் நடுவிலேயே நிற்கலாம், அல்லது ஏறி இறங்கி விளையாடும். இன்ஜின் நல்ல சூட்டில் இருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறதா, டாஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கிற சத்தம் கேட்கிறதா? ஏர் லாக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். காற்று போகட்டும் என்று கண்டபடி ரேஸ் கொடுப்பதும் வேண்டாம், 2000 ஆர்பிஎம் அளவில் கொஞ்ச நேரம் பிடித்தால் போதும்.

சூடாக இருக்கும்போது போட்ட மூடியைத் திரும்பத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், மொத்தமும் கொதித்து முகத்துக்கு வரும்.

வெறும் தண்ணீரில் அலசியவர்கள் கவனிக்க: பிளாக்கில் அலசிய தண்ணீர் மிச்சம் இருக்கும். அதன் மேல் ஏற்கெனவே கலந்து வரும் கூலன்ட்டை ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். கலக்காத கூலன்ட்டை மொத்தக் கொள்ளளவில் பாதி ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புவதே சரி. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பச்சை, சிவப்பு என்பதெல்லாம் பொதுவான தர அடையாளம் கிடையாது.

மறுநாள் காலையில், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகு மட்டத்தைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் மிச்சக் காற்று வெளியேறியிருக்கிறது, நிரப்பிவிடுங்கள். தினமும் இறங்கிக்கொண்டே இருந்தால் லீக் தேட வேண்டும். எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் குமிழிகள் நிற்கவே இல்லை என்றால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் காஸ்கெட் போய், எரிந்த புகை கூலன்ட்டுக்குள் வருகிறதோ என்று மெக்கானிக்கிடம் சோதித்துக்கொள்ள வேண்டும், அதற்கென்றே நிறம் மாறும் திரவம் வைத்திருப்பார்கள். பிடித்து வைத்த பழைய கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விடாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், விஷம், நாய்கள் நக்கிவிடும். மூடி போட்ட கேனில் ஊற்றி, கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் இதையும் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.